கூப்பர்ஸ்டவுன் வாசலில் மூன்று பிட்ச்சர்கள்: கூஃபாக்ஸ், சாண்டானா, ஃபெலிக்ஸ்

2018 ஜனவரியில் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமின் வாக்கெடுப்பு முடிவு வந்தபோது யோஹான் சாண்டானாவுக்கு விழுந்திருந்தது 10 வாக்கு. வாக்களித்த பேஸ்பால் பத்திரிகை எழுத்தாளர்கள் 422 பேர். கணக்குப் போட்டால் 2.4 சதவீதம். ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனவரின் பெயர் மறு வருடம் வாக்குச்சீட்டில் இருக்காது என்பது விதி. சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை இரண்டு தடவை, இரண்டு தடவையும் ஏகமனதாக வாங்கிய மனிதர், டெபாசிட்டைப் பறிகொடுத்த சுயேச்சை வேட்பாளர் மாதிரி முதல் சுற்றிலேயே வெளியே போனார்.

ஏழு வருடம் கழித்து, 2025-ல், அதே வெனிசுவேலாவிலிருந்து வந்த ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் பெயர் முதல் தடவையாகச் சீட்டில் ஏறியது. அவருக்கு 20.6 சதவீதம். ஜெயிக்க 75 வேண்டும் என்றாலும், அடுத்த வருடங்களுக்கு நிம்மதியாகத் தொடரலாம்; ஒருவர் பத்து வருடம் வரை சீட்டில் இருக்க முடியும். இவர்கள் இருவருக்கும் வெகுகாலம் முன்பே, 1972-ல், சாண்டி கூஃபாக்ஸ் முதல் வாய்ப்பிலேயே 86.9 சதவீதத்தோடு உள்ளே போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 36. இன்றுவரை எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்தவர்களில் அவர்தான் இளையவர்.

மூன்று பேருடைய கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். சில வருடங்கள் யாராலும் தொட முடியாத உயரம், அப்புறம் கை போய்விட்டது. ஆனால் ஒருவருக்கு மாலை, ஒருவருக்குக் காத்திருப்பு, ஒருவருக்கு வாசலிலேயே விரட்டு. இந்த வரிசை நியாயமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாண்டானாவுக்கு உள்ளே இடம் உண்டு. ஆனால் அவருடைய ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு இரண்டு வரி. பந்து வீசுபவரான பிட்ச்சர் ஒன்பது இன்னிங்ஸ் (ஒரு முழு ஆட்டம்) வீசினால் சராசரியாக எத்தனை ரன் விடுவார் என்பது இ.ஆர்.ஏ. நம் பந்துவீச்சு சராசரி போலக் குறைவாக இருந்தால் நல்லது. மைதானம் பிட்ச்சருக்கு உதவியதா, அந்தக் காலத்தில் எல்லோருமே குறைவாகத்தான் ரன் விட்டார்களா என்பதையெல்லாம் கழித்துக் கூட்டிச் சொல்வது இ.ஆர்.ஏ. பிளஸ். அதில் 100 என்றால் சராசரி ஆள். மேலே போகப் போக நல்லது. வெற்றி தோல்விக் கணக்கும் பிட்ச்சர் பெயரில்தான் எழுதப்படும், ஆனால் அதில் பாதி சக ஆட்டக்காரர்களின் மட்டையைப் பொறுத்தது.

இனி மூவரின் மொத்தக் கணக்கு:

கூஃபாக்ஸ்: 12 சீசன், 165 வெற்றி, 87 தோல்வி, 2,324 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.76, பிளஸ் கணக்கில் 131.
சாண்டானா: 12 சீசன், 139 வெற்றி, 78 தோல்வி, 2,025 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 3.20, பிளஸ் கணக்கில் 136.
ஃபெலிக்ஸ்: 15 சீசன், 169 வெற்றி, 136 தோல்வி, 2,729 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 3.42, பிளஸ் கணக்கில் 117.

சாண்டானா ரசிகர்கள் இந்த 136-ஐயும் 131-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "பார்த்தீர்களா, கூஃபாக்ஸை விட ஒரு படி மேல்" என்பார்கள். எண் பொய் இல்லை. கூஃபாக்ஸ் விளையாடிய அறுபதுகள் பிட்ச்சர்களின் பொற்காலம். மட்டையாளர் அடித்தாக வேண்டிய பரப்பான ஸ்டிரைக் மண்டலத்தை 1963-ல் பெரிதாக்கினார்கள். பிட்ச்சர் நிற்கும் மேடு 15 அங்குல உயரம் இருந்தது. மட்டையாளர்கள் திணறுவதைப் பார்த்து 1969-ல் அதை 10 அங்குலமாக வெட்டினார்கள். அவருடைய டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானமான டாட்ஜர் ஸ்டேடியமும் பிட்ச்சர்களுக்கு வாகானது. அங்கே கூஃபாக்ஸின் கணக்கு 57 வெற்றி, 15 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.37. 1966-ல் அவர் விளையாடிய நேஷனல் லீக்கின் மொத்த சராசரியே ஏறக்குறைய 3.6.

சாண்டானா உச்சத்துக்கு வந்த 2004-ல் அமெரிக்கன் லீக் சராசரி ஏறக்குறைய 4.6. அந்த லீக்கில் பிட்ச்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கவென்றே ஒருவர் வருவார். அதாவது எதிரணியில் சும்மா அவுட் ஆகிப் போகிற ஆள் ஒருவரும் கிடையாது. அந்தச் சூழலில் 2.61 எடுத்தார். பிளஸ் கணக்கில் அது 182. கூஃபாக்ஸின் கடைசி வருடம், 1966-ன் புகழ்பெற்ற 1.73, அதே கணக்கில் 190. மேலுக்குப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காலத்தைக் கழித்துப் பார்த்தால் அண்ணன் தம்பி.

சரி, அப்படியானால் இருவரும் சமமா? இல்லை. மொத்தச் சராசரியில் சாண்டானா மேலே தெரிவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. கூஃபாக்ஸின் முதல் ஆறு வருடங்கள் சாதாரணம்: 36 வெற்றி, 40 தோல்வி. அந்தச் சுமை அவர் சராசரியைக் கீழே இழுக்கிறது. உச்சத்தை மட்டும் வெட்டி எடுங்கள். 1962 முதல் 1966 வரை கூஃபாக்ஸ் 111 வெற்றி, 34 தோல்வி, 1,377 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 1.95. ஐந்து வருடமும் லீக்கிலேயே மிகக் குறைந்த இ.ஆர்.ஏ. அவருடையதுதான். 2004 முதல் 2008 வரை சாண்டானா 86 வெற்றி, 39 தோல்வி, 1,146 இன்னிங்ஸ், 2.82. பிளஸ் கணக்கில் 167-க்கு 157. கூஃபாக்ஸ் தெளிவாகவே முன்னால் நிற்கிறார். அதோடு, 1966-ல் மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை தானே வீசி முடித்த ஆட்டங்கள் 27. சாண்டானாவுக்கு வாழ்நாள் முழுவதற்கும் 15. காலம் மாறிவிட்டது, இப்போது யாரும் அப்படி வீசுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வீசியது வீசியதுதானே.

அப்புறம் அக்டோபர். கூஃபாக்ஸின் பெயர் இன்றும் காதில் விழுவதற்குப் பாதிக் காரணம் அந்த மாதம். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் 57 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 0.95. 1963, 1965 இரண்டிலும் தொடர் நாயகன். 1965 தொடரின் ஏழாவது ஆட்டம் மின்னசோட்டாவில், அதாவது பின்னாளில் சாண்டானா கொடிகட்டிய அதே ட்வின்ஸ் அணியின் சொந்த மைதானத்தில். கூஃபாக்ஸுக்கு இரண்டே நாள் ஓய்வு. முழங்கையில் மூட்டுவாதம், வீங்கிக் கிடக்கிறது. அன்று அவருடைய பெரிய ஆயுதமான வளைபந்து கைக்கு வரவே இல்லை. எறிந்தால் வளைய மறுக்கிறது. சரி போ என்று அதை ஓரங்கட்டிவிட்டு வேகப்பந்தை மட்டுமே நம்பினார். எதிரணிக்குத் தெரியும், அடுத்து வருவதும் வேகப்பந்துதான் என்று. தெரிந்தும் மூன்று ஹிட்தான் (அடித்துவிட்டு பேஸை எட்டுவது) எடுத்தார்கள், பத்து ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்கவே முடியாமல் அவுட்). டாட்ஜர்ஸ் 2-0. இந்த ஒரு ஆட்டத்துக்கு ஈடாக வைக்கச் சாண்டானாவிடம் எதுவும் இல்லை. பிளே-ஆஃபில் அவர் கணக்கு 34 இன்னிங்ஸ், ஒரு வெற்றி, மூன்று தோல்வி, 3.97.

இதிலும் ஒரு ஆட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 2004-ல் யாங்கீஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சாண்டானா ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூட விடவில்லை, ட்வின்ஸ் 2-0. நான்காவது ஆட்டத்தில் மூன்று நாள் ஓய்வோடு மீண்டும் வந்து, ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன். எட்டாவது இன்னிங்ஸில் ட்வின்ஸ் 5-1 என்று முன்னணியில் இருந்தது. பின்னால் வந்த பந்துவீச்சாளர்கள் அதைக் கோட்டை விட்டார்கள். 11-வது இன்னிங்ஸில் யாங்கீஸ் 6-5. தொடரும் போனது. அவர் கையில் இருந்ததை அவர் சரியாகத்தான் செய்தார். கூஃபாக்ஸ் காலத்தில் பிட்ச்சரே கடைசி வரை நின்று ஆட்டத்தை முடிப்பார். சாண்டானா காலத்தில் பந்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு டக்அவுட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எனவே கூஃபாக்ஸுக்குச் சமம் என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போக ஒருவர் கூஃபாக்ஸாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1930-களில் ஆடிய பிட்ச்சர் டிஸ்ஸி டீன் உள்ளே இருக்கிறார். அவர் வீசியது 1,967 இன்னிங்ஸ்தான், சாண்டானாவை விடக் குறைவு. கூஃபாக்ஸும் சாண்டானாவும் எப்படி மேலே வந்தார்கள் என்பதைப் பார்த்தால்கூட ஒரு வினோதமான ஒற்றுமை தெரியும். இருவரும் இடதுகைக்காரர்கள். பெரிய தொகை கொடுத்து எடுத்த இளைஞனை இரண்டு வருடம் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற அந்தக் கால விதியால் கூஃபாக்ஸ் பத்தொன்பது வயதில் பக்குவப்படாமலே மேலே வந்தார். சாண்டானாவை அவருடைய முதல் அணியான ஆஸ்ட்ரோஸ் பாதுகாப்புப் பட்டியலில் வைக்காமல் விட்டது. 1999 டிசம்பரில் ரூல் ஃபைவ் என்ற ஏற்பாட்டில் அவர் ட்வின்ஸுக்குக் கை மாறினார். அப்படி எடுத்த ஆளைச் சீசன் முழுக்கப் பெரிய அணியில் வைத்திருந்தாக வேண்டும். 2000-ல் அவர் இ.ஆர்.ஏ. 6.49. இருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அடிவாங்கினார்கள்.

மாற்றமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது. 1961 பயிற்சி முகாமில் கேட்ச்சர் நார்ம் ஷெர்ரி கூஃபாக்ஸிடம், கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக் கட்டுப்பாட்டோடு போடு என்றார். சாண்டானாவை 2002-ல் எட்மண்டனில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சியாளர் பாபி குவேயர், எந்தச் சூழலிலும் சேஞ்ச்அப் பந்தைப் போடத் துணியும்படி அவரைப் பழக்கினார். வேகப்பந்துக்கு வருகிற அதே தோள், அதே கைவீச்சு. பந்து மட்டும் பத்து மைலுக்கும் மேல் மெதுவாக வரும். மட்டையாளர் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து அவரைக் கடக்கும். அவர் காலத்தில் அந்தப் பந்தை அவரை விட நன்றாகப் போட்டவர் என்று என்னால் ஒருவரையும் சொல்ல முடியவில்லை.

இனி என் முக்கியமான வாதம். 2005-ல் அமெரிக்கன் லீக் சை யங் விருது பார்டோலோ கொலோனுக்குப் போனது. காரணம் 21 வெற்றி. அவர் இ.ஆர்.ஏ. 3.48, ஸ்டிரைக்அவுட் 157. சாண்டானா 16 வெற்றி, 2.87, 238 ஸ்டிரைக்அவுட், அதுவும் கொலோனை விட அதிக இன்னிங்ஸ். வாக்கில் சாண்டானா மூன்றாமிடம். ஐந்தே வருடம் கழித்து, 2010-ல், அதே விருது 13 வெற்றி, 12 தோல்வி வைத்திருந்த ஃபெலிக்ஸுக்குக் கிடைத்தது. 2.27 என்ற இ.ஆர்.ஏ.வைப் பார்த்து, தோற்றது அணி, அவரல்ல என்று எழுத்தாளர்கள் புரிந்துகொண்டார்கள். நல்ல தீர்ப்பு. அந்தப் புத்தி 2005-ல் வந்திருந்தால் 2004, 2005, 2006 என்று சாண்டானாவிடம் தொடர்ந்து மூன்று விருது இருந்திருக்கும். மூன்று சை யங் வாங்கி, வாக்குச்சீட்டுத் தகுதியும் பெற்றவர்களில் உள்ளே போகாதவர் ஊக்கமருந்துப் புகாரில் சிக்கிய ரோஜர் கிளெமென்ஸ் ஒருவர்தான். ஒரு வருடத்து வாக்காளர்கள் வெற்றிக் கணக்கில் மயங்கியதன் விலையைச் சாண்டானா பதின்மூன்று வருடம் கழித்துக் கட்டினார்.

இரண்டு சை யங் இருந்தால் உள்ளே விட வேண்டும் என்றால் டிம் லின்ஸகமையும் விட வேண்டுமே என்று சிலர் மடக்குவார்கள். லின்ஸகம் 1,682 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 3.74. அந்தப் பேச்சு அதோடு சரி.

ஃபெலிக்ஸ் விஷயம் அவ்வளவு எளிதல்ல. பத்தொன்பது வயதில், 2005-ல், சியாட்டில் மரைனர்ஸுக்கு வந்தார். பெரிய லீக்கில் கடைசி வரை வேறு அணிக்காக ஆடவில்லை. அவர் இருந்த காலம் முழுவதும் அந்த அணி ஒரு தடவைகூட பிளே-ஆஃபுக்குப் போகவில்லை. 2012 ஆகஸ்டில் டாம்பா பே அணிக்கு எதிராக ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத பர்ஃபெக்ட் கேம், அதுவும் 1-0. 2014-ல் இ.ஆர்.ஏ. 2.14, அந்த வருடம் தொடர்ந்து 16 ஆட்டங்களில் குறைந்தது ஏழு இன்னிங்ஸ் வீசி இரண்டு ரன்னுக்கு மேல் விடவில்லை. டாம் சீவரின் பழைய சாதனையை அது முறியடித்தது. அவர் வீசும் நாளில் இடதுபுற மூலையில் ஒரு பகுதி முழுக்க மஞ்சள் பனியனில் ரசிகர்கள் உட்கார்ந்து கத்துவார்கள். ஊரே ராஜா என்று கூப்பிட்ட ஆள்.

ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாண்டானாவுக்கு அவர் எட்டவில்லை. சாண்டானா லீக்கின் மிகக் குறைந்த இ.ஆர்.ஏ.வை மூன்று தடவை எடுத்தார், ஃபெலிக்ஸ் இரண்டு. 2006-ல் வெற்றி, இ.ஆர்.ஏ., ஸ்டிரைக்அவுட் மூன்றிலும் இரு லீக்குகளையும் சேர்த்தே சாண்டானா முதலிடம் (வெற்றியில் மட்டும் ஒருவரோடு பகிர்ந்துகொண்டார்). ஃபெலிக்ஸின் கூடுதல் 700 இன்னிங்ஸில் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: 2018-ல் 5.55, 2019-ல் 6.40. அவை பெருமையைக் கூட்டும் இன்னிங்ஸ் இல்லை. இவரை விடச் சாண்டானா எட்டு மடங்கு குறைவான ஆதரவு பெற்றதற்கு ஆட்டத்தில் காரணம் தேடினால் கிடைக்காது. சீட்டில்தான் கிடைக்கும்.

ஒரு வாக்காளர் அதிகபட்சம் பத்துப் பெயர்தான் டிக் செய்யலாம். 2018 சீட்டில் சிப்பர் ஜோன்ஸ், விளாடிமிர் கெரேரோ, ஜிம் டோமி, ட்ரெவர் ஹாஃப்மன் நால்வரும் ஜெயித்தார்கள். அவர்களோடு கிளெமென்ஸ், பாண்ட்ஸ், ஷில்லிங். பிறகு உள்ளே போன எட்கர் மார்ட்டினஸ், முசினா, லாரி வாக்கர், ஸ்காட் ரோலன், பில்லி வாக்னர். எண்ணிப் பாருங்கள், பத்தைத் தாண்டிவிட்டது. முதல் தடவை வருகிற சாண்டானாவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அடுத்த வருடம் அவர் பெயரே இல்லை. இதில் எனக்கு உறுத்துவது வாக்னர். அவர் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ் மட்டும் வீசுகிற சிறப்புப் பந்துவீச்சாளர். வாழ்நாளில் மொத்தம் 903 இன்னிங்ஸ். பத்து வருடம் சீட்டில் இருந்து, மெல்ல மெல்ல ஆதரவு ஏறி, 2025-ல் உள்ளே போனார். அவர் தகுதியற்றவர் என்று சொல்லவில்லை. அந்தப் பத்து வருடம் சாண்டானாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்கிறேன். இன்று பிட்ச்சர்கள் முன்போல நீண்ட நேரம் வீசுவதில்லை, 200 வெற்றி என்பதே அரிதாகிவிட்டது. வாக்காளர்களின் அளவுகோலும் மாறிக்கொண்டு வருகிறது. ஃபெலிக்ஸுக்கு அதன் பலன் கிடைக்கிறது.

இன்னொன்று, முடிந்த விதம். கூஃபாக்ஸ் 27 வெற்றி எடுத்த அதே வருடம், 1966 நவம்பரில், முப்பது வயதில், கை முழுதாகக் கெடுவதற்குள் போதும் என்று எழுந்து போனார். அவர் கீழே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. சாண்டானா இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். 2010 செப்டம்பரில் தோள் அறுவை சிகிச்சை, 2011 முழுக்க ஆடவில்லை. 2012 ஜூன் 1 அன்று மெட்ஸ் அணிக்காகச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக இறங்கினார். மேலாளர் டெர்ரி காலின்ஸ் மனதில் வைத்திருந்த வரம்பு 115 பந்துக்குள். ஆறாவது இன்னிங்ஸில் கார்லோஸ் பெல்ட்ரான் அடித்த பந்து மூன்றாம் பேஸைத் தாண்டிச் சுண்ணாம்புக் கோட்டில் பட்டது. கோட்டில் பட்டால் பந்து உள்ளேதான், அது ஹிட்டாகியிருக்கும்; ஆனால் நடுவர் வெளியே என்றார். ஏழாவதில் மைக் பாக்ஸ்டர் ஒரு கேட்ச்சுக்காகச் சுவரில் மோதி அடிபட்டு வெளியே போனார். கடைசியில் டேவிட் ஃப்ரீஸுக்கு ஒரு சேஞ்ச்அப், ஸ்டிரைக்அவுட். 134 பந்து. மெட்ஸ் அணியின் 8,020-வது ஆட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்.

அன்று அவர் இ.ஆர்.ஏ. 2.38. ஆகஸ்டில் சீசனை நிறுத்தியபோது 4.85. 2013-ல் மறுபடியும் தோள் அறுவை. பிறகு ஓரிரு அணிகளில் முயன்றும் பெரிய லீக்குக்குத் திரும்பவே முடியவில்லை. அந்த 134 பந்துதான் தோளைக் கெடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தோள் ஏற்கெனவே தைத்த தோள். ஆனால் வாக்காளர்கள் மனதில் கடைசியாக நின்ற சாண்டானா, அடிவாங்கி ஒதுங்கிய 2012 சாண்டானா. கடைசியாக நின்ற கூஃபாக்ஸ், 1.73 கூஃபாக்ஸ்.

இனி சாண்டானாவுக்கு மிச்சமிருப்பது 16 பேர் கொண்ட குழு. எழுத்தாளர்கள் விட்டுவிட்டவர்களைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை அது பரிசீலிக்கும். எட்டுப் பேர் பட்டியலில் முதலில் இடம் பிடிக்க வேண்டும், அப்புறம் 12 பேரின் ஆதரவு வேண்டும். குழுவில் ஒருவருக்கு மூன்று பெயருக்கு மேல் வாக்களிக்க அனுமதி இல்லை. பாண்ட்ஸ், கிளெமென்ஸ், மேட்டிங்லி, டேல் மர்ஃபி என்று 2022-லேயே அந்த வரிசை நீண்டுதான் கிடந்தது.